பதினான்காவது நகர்த்தல்

செல்வராஜ் போய்விட்டார் என்ற செய்தி நம் சதுரங்கக் குழுவின் வாட்ஸப்பில் வந்தபோது, நான் கைப்பேசியில் முகம் தெரியாத ஒருவருடன் ஐந்து நிமிட ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். திரையின் மேலே செயலாளர் காதர் பாயின் செய்தி தெரிந்தது. காலையில் கடை திறக்கப் போன இடத்தில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. படித்தேன். படித்துவிட்டு ஆட்டத்தையும் முடித்தேன். ஜெயித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதையும் மறைக்காமல் எழுதுவது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் சதுரங்க மன்றத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. கரந்தையில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருந்தார். மேட்டூர் அணைத் திறப்பு தள்ளிப்போகும் வருடங்களில் வயல்களின் போர்செட் மோட்டார்கள் ஓய்வில்லாமல் ஓடி, எரிந்து, வரிசையாக அவர் கடைக்கு வந்துவிடும். அந்த மாதங்களிலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஒரு மணி நேரமாவது நம் மாடி ஹாலில் இருப்பார், விரல்களில் வார்னிஷ் வாசனையோடு. நான் கல்லூரி ஆசிரியன். இருவருமே நாற்பது வயதுக்கு மேல் இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டவர்கள். பத்து வருடம் ஒன்றாகப் படித்தோம்.

நான் படித்தது பெரும்பாலும் தொடக்க நகர்த்தல்கள். புத்தகம் வாங்குவேன், வீடியோ பார்ப்பேன், பாடம் போல ஒப்பிப்பேன். போட்டியில் எதிராளி வேறு எதையாவது ஆடியதும் எல்லாம் மறந்துபோகும். "சார் பத்து மூவ் வரைக்கும் புஸ்தகம். பதினொண்ணுலேருந்து திருதிருன்னு முழிப்பார்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பார். ஒரு தடவை கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், தொடக்கம் முக்கியமில்லையா என்று. "முக்கியம்தான் சார். ஆனா நீங்க வாசப்படியையே நாலு மாசம் பார்க்கிறீங்க. உள்ள போனா எந்த ரூம் எங்க இருக்குன்னு தெரியல" என்றார். அன்று நான்கு ஆட்டம் தோற்றிருந்தேன்.

அவர் படித்த விதம் வேறு. மேதைகளின் ஆட்டங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருப்பார். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றிலிருந்து கெட்டியான ஒரு அட்டைத் துண்டு வெட்டி, அதை வைத்து நகர்த்தல்களை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறக்குவார். "பெரிய ஆளு என்ன ஆடினாருங்கறதை அப்புறம் பார்ப்போம். நாம என்ன ஆடுவோம், அதை முதல்ல சொல்லுங்க." நான் ஓரக்கண்ணால் அட்டைக்குக் கீழே பார்க்க முயல்வேன். அவர் அட்டையை அரை அங்குலம் இறக்கி வைப்பார்.

அவரிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. அதில் தோற்ற ஆட்டங்களை மட்டும் எழுதுவார். ஒவ்வொன்றின் கீழும் காரணம் ஒரே வரியில்: "அவசரம்." "ராணி மேல் ஆசை." ஒரு இடத்தில் "பசி" என்றுகூட இருக்கும். ஏன் வென்றதை எழுதுவதில்லை என்று கேட்டால், "எரிஞ்ச மோட்டாரைத்தான் சார் பிரிச்சுப் பார்க்கணும். ஓடுறதைப் பிரிச்சு என்ன பண்றது" என்பார்.

இனி, நான் எழுத வந்த விஷயம்.

சேர்ந்து படிப்பவர்களுக்குள் எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் தன் ஆட்டத்தில் இருக்கும் ஓட்டையை நம் முன்னால் பிரித்துக் காட்டினால், அதை அவருக்கு எதிராக ஆடக் கூடாது. நம் மன்றப் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, செல்வராஜ் என் வீட்டுக்கு வந்தார். அவர் கறுப்பில் எப்போதும் ஆடுவது பிரெஞ்சுத் தற்காப்பு என்ற தொடக்கம். "இதுல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சேன் சார். யாரும் இதுவரை ஆடல. பாருங்க" என்று காய்களை அடுக்கினார். கறுப்பு ராணி ஒரு சிப்பாயைத் தின்ன உள்ளே போகும். பதினான்காவது நகர்த்தலில் வெள்ளை தன் குதிரையைப் பின்னால் எடுத்தால் போதும், ராணி திரும்பி வர வழி கிடையாது. அடைக்க வழி தேடினோம். கிடைக்கவில்லை. "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று கிளம்பினார்.

மறுநாள் கடைசிச் சுற்றில் எனக்கும் அவருக்கும் ஜோடி விழுந்தது. டிரா செய்து அரைப் புள்ளி எடுத்தாலே அவர் முதல் முறையாகப் பரிசு மேடை ஏறுவார். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் தன் பிரெஞ்சை ஆடினார். ராணி உள்ளே வந்தது. எனக்கு விடை தெரியும். தெரிந்ததோடு நிற்கவில்லை நான். கன்னத்தில் கை வைத்து, நெற்றியைச் சுருக்கி, இருபது நிமிடம் யோசிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். நடுவில் அவர் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்துக்கொண்டார். நான் குதிரையைப் பின்னால் எடுத்தேன்.

"நல்லா ஆடுனீங்க சார்" என்று கை கொடுத்தார். காதர் பாய் ஓடி வந்து, "இதை எப்படிங்க பிடிச்சீங்க?" என்றார். "போர்டுல உட்கார்ந்து யோசிச்சதுதான் பாய்" என்றேன். செல்வராஜ் பக்கத்தில் நின்று பிளாஸ்க்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தை நான் மூன்று பக்க விளக்கத்தோடு மன்றத்தின் ஆண்டு மலரில் எழுதினேன். நீங்கள் பாராட்டினீர்கள். வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் ஜெராக்ஸும் அட்டையுமாக வந்தார். ஆனால் அதன் பிறகு தன் ஆட்டம் எதையும் என்னிடம் காட்டவில்லை. பரிசு மேடையும் அவருக்குக் கிடைக்கவேயில்லை. ஒரு முறை இருவரும் திருவாரூர்ப் போட்டிக்குப் பஸ்ஸில் போனோம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது ஆரம்பித்தேன்: "செல்வராஜ், அந்த ஆட்டம்..."

"எந்த ஆட்டம் சார்?" என்று முழுதாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். காத்திருந்தார்.

"ஒண்ணுமில்ல. இறங்கினதும் டீ சாப்பிடுவோமா?"

"சாப்பிடுவோம் சார்."

ரயில் போனது. கேட் திறந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவர் மகள் ஸ்டெல்லா அந்த நோட்டை என்னிடம் கொடுத்தாள். "அப்பா உங்களைப் பத்தித்தான் எப்பவும் பேசுவாங்க சார். இது உங்ககிட்ட இருக்கட்டும்" என்றாள். வீட்டுக்கு வந்து முதலில் நான் தேடியது எந்தப் பக்கத்தை என்று உங்களுக்குத் தெரியும். ஆட்டம் முழுவதும் இருந்தது. பதினான்காவது நகர்த்தலின் கீழ் ஒரு கோடு. காரணம் எழுதும் இடத்தில், மற்ற பக்கங்களில் இருக்கும் அதே நிதானமான கையெழுத்தில், "சார் இதை மறக்கவில்லை."

நண்பர்களே, அந்த நகர்த்தல் செல்வராஜுடையது. ஆண்டு மலரில் என் பெயரை அடித்துவிடுங்கள். நோட்டை மன்றத்துக்குத் தந்துவிட்டேன். அதற்கு முன் எல்லா ஆட்டங்களையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். நோட்டுக்குள் இருந்த கல்யாணப் பத்திரிகைத் துண்டை மட்டும் ஸ்டெல்லாவிடம் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். தினமும் அதை வைத்து அவர் தோற்ற ஆட்டம் ஒன்றை மூடி, அவர் இடத்தில் உட்கார்ந்து, நான் என்ன ஆடியிருப்பேன் என்று முதலில் சொல்லிப் பார்க்கிறேன். இப்போது அட்டைக்குக் கீழே எட்டிப் பார்ப்பதில்லை. அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் அப்படிப் படிக்க முடியவில்லை. அட்டைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கு ஆட்டத்துக்கு முந்தைய நாளே தெரியும்.