சிவப்புப் பொட்டுக்கு அடியில்

போர்வையில் சுற்றிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு பேராவூரணியிலிருந்து நான் இருக்கும் தஞ்சாவூருக்குப் பேருந்தில் வந்து இறங்கினாள் என் அக்கா. வந்ததும் பிரித்துப் பார்த்தாள். உடையவில்லை.

அது அவள் மாமியாரின் தட்டு. மயில் வரைந்து, விளிம்பில் தங்கப்பூச்சு இட்ட ஜப்பான் பீங்கான். ஐம்பதுகளில் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்ததாம். இப்படிப்பட்டவற்றுக்கு இப்போது நல்ல விலை என்று துபாயில் இருக்கும் மச்சானிடம், அக்காவின் கணவரிடம், யாரோ சொல்ல, தன் உம்மாவுக்குத் தெரியாமல் விசாரி என்று அக்காவுக்குப் போன் செய்துவிட்டார். மாமியார் குத்தாலத்துக்குப் போயிருந்தார். மாலையில் திரும்பிவிடுவார்.

"ஒடஞ்சா உன் மச்சான் அங்கேருந்து சிரிப்பாரு. மாமி முன்னாடி நிக்கப்போறது நான்தானே" என்றாள்.

பழம்பொருள் கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். தோகையில் அச்சுப் புள்ளிகள் இல்லை, தூரிகை இழுப்புதான் தெரிகிறது, கையால் வரைந்தது என்றார். விளிம்பை நகத்தால் சுண்டினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஓசை தெளிவாக நீண்டது, விரிசல் இல்லை. பிறகு கவிழ்த்தார்.

"கம்பெனி முத்திரை மேலயே பெயின்ட்ட அப்பி வச்சிருக்கீங்களேம்மா. அதப் பாக்காம எப்படி வெல சொல்றது?"

அக்காவின் ஊரில் கல்யாணச் சீர் கொண்டுபோக இந்த மாதிரித் தட்டுகள் வீட்டுக்கு வீடு இரவல் போகும். மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டாரும் அடியில் தங்கள் நிறத்தில் ஒரு பொட்டு வைப்பார்கள். மாமியார் வீட்டுக்குச் சிவப்பு. கவிழ்த்துப் பொட்டைப் பார்க்காமல் எந்தத் தட்டையும் அவர் அலமாரியில் வைக்கமாட்டார்.

"பொட்ட அழிச்சுப் பாத்துட்டு அதே எடத்துல திரும்ப வச்சுடலாம், ராத்தா" என்றேன்.

என் அறையில், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். சிவப்பு கரைந்தது. அடியில் முத்திரை இல்லை. இன்னொரு பொட்டு இருந்தது, நீலத்தில்.

"எதிர்வீட்டுப் பொட்டு" என்றாள் அக்கா.

எதிர்வீட்டு அம்மாவின் மயில் தட்டு ஏதோ ஒரு கல்யாணத்தில் காணாமல் போனது தெருவுக்கே தெரியும். "என் மயிலு எந்த வூட்டுல மேயுதோ" என்று விருந்துதோறும் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மாமியாரும் சிரிப்பார்.

மேற்கொண்டு துடைக்க எனக்குக் கை வரவில்லை. சிவப்பு எனாமல் வாங்கிக்கொண்டு அக்காவுடன் நானும் பேருந்து ஏறினேன். அவள் வீட்டில் பொட்டு வைத்தோம். பழைய சிவப்பு மங்கியிருந்தது. இது பளிச்சென்று இருந்தது. ஊதினோம், விசிறினோம். காயவில்லை.

மாமியார் வந்தவுடன் மூக்கைச் சுளித்தார். "என்னடி, பெயின்ட் வாட?"

நேராக அலமாரிக்குப் போய்த் தட்டைக் கவிழ்த்தார். கட்டைவிரல் சிவந்தது. அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் திட்டவில்லை. தெருப்பக்கம் போய் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீலத்தப் பாத்தியாம்மா?" என்று கிசுகிசுத்தார்.

தட்டு அவர் கையில் ஆடியது. அக்கா ஓடிப்போய் இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிப் பிடித்தாள்.