தலைக்குள் ஒரு தெரு

போன வருஷம் ஆடி முடிந்து காற்று கொஞ்சம் அடங்கியிருந்த சமயம். நானும் என் மருமகளும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போனோம். அந்த வழி எனக்குப் புதிதல்ல. மீன் கூடையோடு அந்த பஸ்ஸில் ஏறி, சிதம்பரம் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுத்தான் என் பிள்ளைகளை ஆளாக்கினேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் பேச்சில் என்னை ஜெயித்தவர் கிடையாது. அன்றைக்கு மட்டும் கூடைக்குப் பதிலாக வயிற்றில் ஒரு பயத்தைச் சுமந்துகொண்டு போனேன்.

பயம் என்னவென்று சொல்கிறேன். கொஞ்ச நாள் முன்னால் வீட்டுக்கு வாங்கிய மீனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அதன் பெயர் வரவில்லை. வாழ்நாளெல்லாம் கூவி விற்ற மீன். நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வருவேனா என்கிறது. அப்புறம் குளிக்கும்போது தானாக வந்தது, வஞ்சிரம் என்று. கிள்ளையில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் சாமான் பெயர் போனது, அப்புறம் பிள்ளைகள் பெயர். ஒருநாள் நான் பார்க்கப் போனபோது, "யாரு நீங்க? உக்காருங்க" என்றாள். என்னை வாடி போடி என்றே கூப்பிட்டவள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்தது நான்தான் என்று முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் உள்ளே வைத்திருந்தேன்.

என் மருமகள் வடக்கத்திப் பெண். மகன் வேலை பார்த்த ஊரில் விரும்பிக் கட்டிக்கொண்டான். வந்த கொஞ்ச நாளிலேயே தமிழ் பேசிவிட்டாள். எனக்கு அதில் பெருமை தாங்காது. "அவதான் நம்ம பேச்சுக்கு வந்தா, நான் அவ பேச்சுல ஒரு வார்த்தை கத்துக்கல" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். ஆனால் வீட்டில் அவள் என் பேத்தியைக் கொஞ்சுவது, தூங்க வைப்பது, தன் அம்மாவோடு மணிக்கணக்கில் போனில் பேசுவது எல்லாம் இந்தியில்தான். நான் என் பாட்டுக்கு மீன் ஆய்ந்துகொண்டிருப்பேன்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் சிதம்பரத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். இரண்டு பாஷை தெரிந்தவர்கள் தலைக்குள் வார்த்தைகள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்கிற படிப்பாம். அவள்தான் அதற்காக ஒரு சோதனைக்கு மருமகளை வரச் சொன்னாள். நான் துணைக்குப் போனேன்.

மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் தன் சோதனையை முடித்து எழுந்ததும் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "பெரியம்மா, உங்களுக்கு இந்தி வருமா?"

"ஒரு சொட்டு வராது."

"அப்ப நல்லதாப் போச்சு. ஒப்பிட்டுப் பாக்க, தெரியாதவங்களும் எனக்கு வேணும். உக்காருங்க."

எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. இந்த மெஷின் என் தலையில் இருக்கிற ஓட்டையைக் கண்டுபிடித்துவிடும் என்று பயம். ஆனது ஆகட்டும் என்று உட்கார்ந்தேன்.

காதில் ஹெட்போனை மாட்டினாள். முதலில் ஒரு இந்தி வார்த்தை கேட்கும், உடனே ஒரு தமிழ் வார்த்தை வரும். அது நிஜமான வார்த்தை என்றால் பச்சைப் பட்டன், சும்மா உளறல் என்றால் சிவப்பு. இந்தியைக் கண்டுகொள்ள வேண்டாம் என்றாள். குடை, பாய், வலை என்று நல்லபடியாக வந்தது. நடுவே "பிருவல்" என்று ஒன்று வந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாருடி இவ? பிருவலாம் பிருவல்! எந்த ஊர்ல கேட்டா இத?"

"ஐயோ பெரியம்மா, திட்டாதீங்க, பட்டன மட்டும் அழுத்துங்க" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முடிந்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கம்ப்யூட்டரையே பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். மறுபடியும் பார்த்தாள். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

"மறைக்காம சொல்லிடும்மா. எவ்வளவு போச்சு?"

"என்ன போச்சு?"

"என் தலைதான்."

அப்புறம் வாய் நிற்கவில்லை. வஞ்சிரத்தையும் அக்காவையும் கொட்டிவிட்டேன். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கே அப்போதுதான் தெரியும்.

அந்தப் பெண் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். "பெரியம்மா, இது நோய் பாக்குற டெஸ்ட் இல்ல. மறதிய டாக்டர்தான் பாத்துச் சொல்லணும், கட்டாயம் போங்க. என் பிரச்சினை வேற. நீங்க என்னை நல்லா ஏமாத்திட்டீங்க."

"நானா?"

"நம்ம தெருவுல ஒரு வீட்டுக் கதவத் தட்டுனா, பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாப்பாங்கல்ல? தலைக்குள்ள வார்த்தையும் அப்படித்தான். இந்தியில மழைன்னு சொன்னா, இந்தி தெரிஞ்சவங்களுக்குத் தமிழ்ல குடை சீக்கிரம் எட்டிப் பாக்கும். தெரியாதவங்களுக்கு அந்த வித்தியாசம் இருக்கக் கூடாது. உங்களுக்கு இருக்கு. தூக்கம்னு இந்தியில வந்ததும் பாய்க்குப் பட்டுனு அழுத்துறீங்க. மீன்னு வந்தா வலைக்கு. சம்பந்தமில்லாத வார்த்தை வந்தா மெதுவாதான் அழுத்துறீங்க. உங்களை நான் எப்படி இந்தி தெரியாதவங்களோட சேக்குறது?"

தொட்டில் பக்கத்திலும் அடுப்படியிலும் மருமகள் இந்தியில் பேசியதெல்லாம் என்னைக் கேட்காமலேயே உள்ளே போய், என் வார்த்தைகளுக்குப் பக்கத்திலேயே குடியேறியிருக்கிறது.

திரும்பிப் பார்த்தால் அவள் முகம் வெளுத்திருந்தது. "அத்தை... அப்ப நான் எங்க அம்மாகிட்ட போன்ல பேசுனது எல்லாம்...?"

"என்னடி பேசுன?"

"ஒண்ணுமில்ல."

விடுவேனா? பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் வாயைப் பிடுங்கிவிட்டேன். அவள் வீட்டில் எனக்கு 'தானேதார்' என்று பெயராம். போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று அர்த்தமாம். "ஏட்டு இல்லையே, இன்ஸ்பெக்டர்தானே, பரவால்ல" என்றேன். அவள் சிரிக்க, நான் சிரிக்க, கண்டக்டர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடலூர் வந்தும் சிரிப்பு அடங்கவில்லை.

மறுவாரமே மருமகள் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். எல்லாம் பார்த்துவிட்டு, இது வயசுக்கு உண்டான மறதிதான், அக்காவுக்கு வந்தது போல இல்லை என்றார். அதைக் கேட்டு அவளுக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. இப்போது அவள் போனை எடுத்தால் மாடிக்குப் போய்விடுகிறாள். நானும் விடுவதில்லை, "தானேதார் நலமா இருக்காங்கன்னு சொல்லு" என்று கீழேயிருந்து குரல் கொடுக்கிறேன்.

இன்னமும் சில நாள் வார்த்தை நாக்கு நுனியில் நின்றுவிடும். போன வாரம்கூட மார்க்கெட்டில் அதே மீன், அதே திண்டாட்டம். மருமகள் பதறாமல், "மச்லி... பெரிய மச்லி... முள் கம்மி... வறுவல்" என்று தன் பாஷையும் என் பாஷையும் கலந்து அடுக்கினாள். மச்லி என்றால் அவள் பாஷையில் மீன். வஞ்சிரம் துள்ளிக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் ஒரு வார்த்தை வராவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது நிதானமாக நிற்கிறேன், அது கதவைத் திறக்காவிட்டாலும் பக்கத்து வீட்டைத் தட்ட எனக்கு ஒருத்தி இருக்கிறாள்.