சீமை எலிகளுக்கு எடுத்துவைத்த பங்கு

கல்யாணம் முடிந்து பேரையூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு நான் வந்து இறங்கியபோது, வண்டியில் பித்தளைப் பாத்திரங்களும் ஒரு டிரங்குப் பெட்டியும் மூடிபோட்ட மூங்கில் கூடையும் இருந்தன. கூடையை மட்டும் யாரையும் தொடவிடாமல் நானே இறக்கினேன். மாமியார் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனார்.

"என்னத்தா இது?"

"சீமை எலி, அத்தை. ரெண்டும் பொட்டை."

"எலியவா சீரோட கொண்டாந்த?"

"ஆமா அத்தை."

மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் நேராகப் பேசமாட்டார். பேசவேண்டியதை அத்தையிடம் சொல்வார், நான் கேட்டுக்கொள்ள வேண்டும். "டவுனுப் பிள்ளை. கொஞ்ச நாள்ல சரியாப் போகும்னு சொல்லு" என்றார். நான் சரியாகவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதும் இல்லை.

அப்பாவுக்கு மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. நோயைச் சோதித்துப் பார்ப்பதற்காக அங்கே வளர்த்த பிராணிகளுக்குத் தீனி போட்டுக் கூண்டைக் கழுவுவது அவர் பொறுப்பு. அங்கே அவற்றைக் கினிப்பன்றி என்பார்கள். காளவாசல் பக்கம் நாங்கள் குடியிருந்த சந்தில் சீமை எலி என்றுதான் பெயர். வால் கிடையாது, முயலில் பாதி உடம்பு, எந்நேரமும் மென்றுகொண்டே இருக்கும் வாய். அந்தப் பிராணிகள் இருந்த அறையை மூடியபோது மிஞ்சிய இரண்டு குட்டிகளை அப்பா துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அதற்கு முந்தின கோடையில் ஆஸ்பத்திரியில் பச்சை கிடைக்காமல் கடலையும் காய்ந்த புல்லும் மட்டும் போட்டிருக்கிறார்கள். பல உருப்படிகள் கால் வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்து, சுருண்டு படுத்துச் செத்துப்போயின. "அன்னன்னைக்குப் பச்சை உள்ள போகணும். அதுலயும் ஒன்னையே தினம் போட்டா ஆகாது" என்று சொல்லித்தான் அப்பா அவற்றை என் கையில் கொடுத்தார். மதுரையில் அது பெரிய பாடில்லை. மார்க்கெட் முடிகிற நேரத்தில் போனால் முட்டைக்கோஸின் வெளியிலை, கேரட் தழை, முள்ளங்கி இலை என்று எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு வரலாம்.

இங்கே வந்த பிறகுதான் பச்சையின் அருமை தெரிந்தது. கரிசல் காடு. பருத்தி, கம்பு, சோளம். இரண்டு ஜோடி மாடு கட்டிய வீடு, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் காய் என்பது சந்தையன்று வந்து மறுநாளோடு தீர்ந்துவிடும். பிறகு வற்றலும் துவையலும் கருவாடும்தான். மழைக்காலத்தில் காட்டுக் கீரையைப் பறித்துச் சமாளித்தேன். தை பிறந்து தரை வெடிக்க ஆரம்பித்ததும் அதுவும் போனது. வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வீணாய் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிவிட்டு, முள்வேலி வைத்து, அரைக்கீரை, கொத்தமல்லி, புடலை, வெள்ளரி, அவரை எல்லாம் போட்டேன். மண் கொத்தியதும் விதைத்ததும் நான்தான். தானியம் கொட்டிவைத்து உடைந்துபோன ஒரு மண் குலுக்கையைப் படுக்கவைத்து அதில் சீமை எலிகளைக் குடியேற்றி, மேலே ஈரச்சாக்கு போட்டுவைத்தேன். ஒருநாள் கீரை போட்டால் மறுநாள் வெள்ளரித் தோல், அதற்கடுத்த நாள் அவரைப் பிஞ்சு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். கொத்தமல்லியை வேரோடு தின்னும். பாகற்காயை மோந்து பார்த்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அவற்றுக்கு ஒரு பழக்கம். அருவாமனையில் காய் நறுக்குகிற சத்தம் கேட்டால் போதும், விசிலடிப்பது மாதிரி இரண்டும் கூவ ஆரம்பித்துவிடும். வாயில் ஏதாவது விழுகிறவரை நிறுத்தாது. ஒருநாள் மத்தியானம் மாமாவும் என் வீட்டுக்காரரும் காட்டிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் அப்போதுதான் புடலங்காய் நறுக்கி அடுப்பில் போட்டிருந்தேன். கூவல் தாங்காமல், நுனியும் தோலும் உள்ளிருந்த பஞ்சுமாக ஒரு கை எடுத்துப்போய்க் குலுக்கையில் போட்டுவிட்டு வந்தேன்.

மாமா கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார். "வீட்டு ஆம்பளைக இன்னும் கை நனைக்கல. அதுக்குள்ள எலிக்குப் பந்தி வச்சாச்சான்னு கேளு."

அத்தை என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

"பந்தியெல்லாம் வைக்கல மாமா," என்று நானே அவரிடம் சொன்னேன். "தோலும் நுனியும்தான். அதுவும் நான் தண்ணி ஊத்தி வளத்த காயி."

அவர் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய கோபம் கிடையாது. அத்தை சுவரோரம் உட்கார்ந்து அழுதார். அன்று இரவும் ஆண்கள் தின்று மிஞ்சிய குழம்பைத்தான் நானும் அவரும் ஊற்றிக்கொண்டோம். அதில் ஒரு துண்டு காய்கூட இல்லை. எலிக்குப் போட்டது அவர் கண்ணில் பட்டது. அத்தைக்கு இத்தனை வருஷமாகக் காயே கிடைக்காதது யார் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் விடிந்து பின்னால் போனேன். வேலி முள்ளை ஒருபக்கம் இழுத்துப் போட்டிருந்தது. வீட்டு ஆடுகள் அத்தனையும் பாத்திக்குள் நின்றன. கீரையை வேரோடு பிடுங்கியிருந்தன. புடலைக்கொடி நூல் நூலாகத் தொங்கியது. மாமா சற்றுத் தள்ளி நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் வாய் கொப்பளித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அழவில்லை. ஆட்டை விரட்டவும் இல்லை, விரட்டி என்ன மிச்சம். உள்ளே போய்க் கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"எங்கத்தா போற?" என்றார் அத்தை.

"சந்தைக்கு. இன்னைக்குச் சந்தை நாள்தான?"

"நம்ம வீட்டுப் பொம்பளைக சந்தைக்குப் போறதில்லத்தா."

"நான் போறேன் அத்தை."

போனேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, செருப்பில்லை. சந்தையில் கீரையும் காயும் விற்றவர்களில் பாதிப்பேர் கூலிவேலைக்குப் போகிற வீட்டுப் பெண்கள். ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க விடப்படாதவர்கள். அவர்களில் ஒருத்தி என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்துவிட்டு, "நீங்க எந்த வீட்டுப் பிள்ளைத்தா? ஆம்பளைக வரலையா?" என்று கேட்டாள். எலிக்காக வந்தேன் என்று சொன்னேன். முழுக்கதையையும் கேட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அம்புட்டையும் ஆடு தின்னுருச்சா?" என்றாள். பிறகு நான் வாங்கிய வெண்டைக்கும் சுரைக்காய்க்கும் மேலே, ஒடித்துப் போட்டிருந்த முள்ளங்கித் தழையை எல்லாம் வாரி என் கூடையில் திணித்தாள். "அடுத்த வாரமும் வாங்க. எடுத்து வைக்கேன்."

உச்சிவெயிலில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தேன். கொல்லைப்புறமாகப் போக வழி இருந்தது. நான் சாவடி வழியாகத்தான் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு முந்தி சேதி வீட்டுக்குப் போய்விட்டது. மாமா வாசலில் நின்றார். அன்றுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இந்த வீட்டுல நீ இருக்கணும்னா அது ரெண்டும் இருக்கக் கூடாது."

"அது போனா நானும் போறேன் மாமா. வண்டி கட்ட வேணாம். மதுரைக்கு நடந்தே போயிருவேன்."

சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. அவர் சரி என்றிருந்தால் அப்படியே திரும்பி நடந்திருப்பேன். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் தன் அப்பா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி யாரும் பார்த்ததில்லை. அன்று அவர் மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்து என் தலையிலிருந்த கூடையை இறக்கினார். குனிந்து தழையைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல எத மொதல்ல போடணும்?" என்று என்னிடம் கேட்டார்.

"முள்ளங்கித் தழை. வாடிப்போகும்."

அவர் தழையை எடுத்துக்கொண்டு அப்பாவைக் கடந்து பின்கட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கூவல் நின்றது. சாயங்காலம் வெட்டுமுள் கொண்டுவந்து வேலியையும் கட்டினார்.

அதன்பிறகு மாமா ஒரு வருஷத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை, அத்தை மூலமாகக்கூட. நானும் போய்க் கெஞ்சவில்லை. அன்று இரவே காயை மூன்று பங்காக வைத்தேன். ஆண்களுக்கு ஒன்று, எனக்கும் அத்தைக்கும் ஒன்று, எலிகளுக்கு ஒன்று. எங்கள் பங்கைத் தனிச்சட்டியில் போட்டு மூடிவைத்தேன். அத்தை வேண்டாம் வேண்டாம் என்றார். "எனக்குக் குழம்பு போதுமுத்தா. பழகிப்போச்சு." நான் அவர் தட்டில் வெண்டைக்காயைப் போட்டேன். சோற்றை ஒதுக்கிவிட்டு முதலில் அதைத் தின்றார். கொஞ்சம் பொறுத்து, அடுப்பைப் பார்த்தபடி, "சட்டியில இன்னும் இருக்கா?" என்றார்.

சீமை எலிகள் அந்த வீட்டில் வயசாகித்தான் செத்தன, ஒன்று இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முன்னால், இன்னொன்று அதற்குப் பின்னால். கடைசிவரை அவற்றின் கால் வீங்கவில்லை. எலிக்காக மாமனாரை எதிர்த்தவள் என்று ஊரில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். ஆமாம், எதிர்த்தேன். மறுபடி வந்தாலும் எதிர்ப்பேன்.

சந்தைக்குப் போவதை நான் ஒரு வாரமும் விடவில்லை. இரண்டாவது வருஷம் ஒரு சந்தை நாளில், நான் கிளம்பும்போது அத்தை விசேஷத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வாரேன்" என்றார். அங்கே என்னைவிட நன்றாகப் பேரம் பேசினார். வெள்ளரிக் குவியலைக் கிளறி, நுனியில் பூ ஒட்டியிருந்த ஒரு பிஞ்சைத் தேர்ந்தெடுத்து, முந்தானையில் துடைத்து, சந்தை நடுவில் நின்றபடியே கடித்துத் தின்றார்.