ஷமீமாவைத் திரும்ப அழைக்கப் போன திருச்சிப் பயணம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் போய்வந்தேன். கோயில் பார்க்க அல்ல, கோபித்துக்கொண்டு போன ஒருவரைத் திரும்ப அழைக்க. போனுக்கு வரும் செய்திகளைத் தமிழில் வாசித்துக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை இணையத்தில் கூடி எழுதும் குழுவில் நான் இருக்கிறேன். அதில் போன் நம்பர் போன்ற எண்களை ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கும் பகுதி திருச்சி ஷமீமா எழுதியது. பழைய போன்களில் செயலி மெதுவாகிறது, அந்தப் பகுதியை எடுத்துவிடலாம் என்று ஒருவர் எழுதினார். மூன்று நாளில் யாரும் மறுக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்பது எங்கள் விதி. யாரும் மறுக்கவில்லை, எடுத்தாயிற்று. ஷமீமா குழுவைவிட்டே விலகிவிட்டார்.

ரயிலில் முன்பதிவில்லாத டிக்கெட், ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஜங்ஷனிலிருந்து நடந்தால் மத்தியப் பேருந்து நிலையம். அங்கிருந்து ஒன்றாம் நம்பர் டவுன் பஸ் ஸ்ரீரங்கம் வரை போகும். சாதாரண பஸ் என்றால் பெண்களுக்குக் காசில்லை, ஆனாலும் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய கடைவீதிக்கு எங்கே இறங்குவது என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"மெயின்கார்டு கேட்ல இறங்குங்கம்மா. அப்புறம் கூட்டமே உங்களைத் தள்ளிட்டுப் போயிடும்."

அப்படித்தான் ஆனது. ஷமீமாவின் அண்ணன் அங்கே அத்தர் கடை வைத்திருக்கிறார், கண் பார்வை இல்லாதவர். தங்கை எழுதிய பகுதி அவருக்காகத்தான். "இப்ப போன் நம்பரைக் கோடி, லட்சம்னு வாசிக்குதுங்க. நான் என்ன சீட்டுக் கம்பெனியா நடத்துறேன்?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"அந்த மூணு நாளும் எங்க சின்னத் தங்கச்சியோட நிக்காஹ், கல்யாண வேலை. போனையே தொடல" என்றார் கடைக்குள் உட்கார்ந்திருந்த ஷமீமா. "முந்தி ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருத்தரே முடிவு பண்ணுவாரு. பிடிக்கலைன்னா அவர்கிட்ட சண்டை போடலாம். இப்ப நான் யார்கிட்ட போய் சண்டை போடுறது, சொல்லுங்க?"

அவர் வரவழைத்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அந்த ஸ்ரீரங்கத்துக்காரர் வரதன், செயலியைத் தொடங்கியவர். தனி ஆளாக முடிவெடுக்கிறார் என்று நாங்கள் சண்டை போட்டதால் ஒதுங்கியவர். மறுபடி ஒன்றாம் நம்பர், காவிரிப் பாலம் தாண்டிச் சித்திரை வீதி. இடுப்பில் கைக்குழந்தையோடு கதவைத் திறந்தார்.

"வாங்கோ. தீர்த்தம் சாப்பிடறேளா?" என்று தண்ணீர் கொண்டுவந்தார்.

மறுபடி நீங்களே முடிவெடுங்கள் என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினார்.

"எனக்கு உடம்பு முடியாதப்போ நாலு மாசம் எல்லாமே நின்னுபோச்சே, மறந்துட்டேளா? இன்னொண்ணு, நானா இருந்தாலும் அந்தப் பகுதியை எடுத்துத்தான் இருப்பேன். ஆனா முதல்ல அவங்களுக்குப் போன் பண்ணி, வேண்டிய மட்டும் திட்டு வாங்கிண்டிருப்பேன்."

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தே, அந்தப் பகுதியை மறுபடி சேர்க்க வேண்டும் என்று குழுவில் எழுதினேன்.

போகிறவர்களுக்கு: கடைவீதியை வெயில் ஏறுமுன் பாருங்கள், ஸ்ரீரங்கத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் நண்பகலில் கோயிலின் கல் தரையில் நடக்க முடியாது. கூடிச் செயலி எழுதுகிறவர்களுக்கு: ஒருவர் உழைப்பில் கை வைக்குமுன் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். முடிவெடுப்பது ஒருவரா முப்பது பேரா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மூன்று நாள் ஆயிற்று. ஷமீமாவைக் கூப்பிட்டு, யாரும் மறுக்கவில்லை, உங்கள் பகுதி திரும்ப வந்துவிட்டது என்று உற்சாகமாகச் சொன்னேன்.

"யாராவது பதில் எழுதினாங்களா?"

"இல்லை."

"அப்ப இதையும் யாரும் படிக்கலைங்க" என்றார்.

அண்ணனின் போன் இப்போது எண்களைச் சரியாக வாசிக்கிறது. ஷமீமா குழுவுக்குத் திரும்பவில்லை.