சரக்கு கம்மியான சென்ட்

கடைக்காரர் எதைத் தள்ளிவிடப் பார்க்கிறாரோ அதை வாங்கக் கூடாது என்பது என் கொள்கை. வெள்ளிமலையில் வேலை கிடைத்து, மலையேறுவதற்கு முந்தின நாள் கள்ளக்குறிச்சியில் சென்ட் வாங்கப் போனபோதும் அதைத்தான் கடைப்பிடித்தேன். எதில் வாசனை எவ்வளவு, ஸ்பிரிட் எவ்வளவு, எது எத்தனை நேரம் நிற்கும் என்று இரண்டு நாள் போனில் படித்துவிட்டுப் போயிருந்தேன். கடைக்காரர் அதற்கெல்லாம் அசரவில்லை.

"ஒரே வாசனதான் தம்பி, மூணு தினுசு. இதுல சரக்கு கம்மி, ஸ்பிரிட்டு ஜாஸ்தி. நடுவுல இருக்கறதுல சரக்கு ஜாஸ்தி. அது அத்தரு, முழுக்க எண்ண, ஸ்பிரிட்டே கெடயாது. நீங்க நடுவுல இருக்கறத எடுத்துக்குங்க."

நடுவில் இருப்பதை இரண்டாம் தரமும் சொன்னார். அதனாலேயே முதலாவதை எடுத்தேன்.

வெள்ளிமலையில் எனக்கு ரூம் கொடுத்த அக்கா, சாவியை நீட்டுவதற்கு முன்னால் ஒன்று சொன்னார். "குடிக்கிற ஆளுக்கு வூடு வுடமாட்டேன். எங்க வூட்டுக்காரர் போனதே அதுலதான்." தலையாட்டினேன். ஆபீசுக்குப் பக்கத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ரூம் அது. அது போனால் தினமும் மலைப்பாதை பஸ்தான். எனக்கோ மூன்றாவது வளைவிலேயே வாந்தி வரும்.

சென்ட் காலையில் அடித்தால் ஆபீஸ் போவதற்குள் காணாமல் போனது. கடைக்காரர் தண்ணீர் கலந்துவிட்டாரோ? நாலு தரம் அடித்தேன், எட்டு தரம் அடித்தேன். பாட்டில் மளமளவென்று குறைந்தது. உடனே சந்தேகம் அக்கா மேல் திரும்பியது. ரூமுக்கு இன்னொரு சாவி அவரிடம் இருந்தது. பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன்.

அன்று சாயங்காலம் நண்பனுக்குப் போன் செய்து புலம்பினேன். "சரக்கு ரொம்ப கம்மிடா, அரை மணி நேரத்துல எறங்கிடுது. ஞாயித்துக்கெழம கீழ வந்து ஜாஸ்தியா இருக்கறதா பாத்து வாங்கிக்கினு வரணும்." சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தால், என் ரூம் வாசலில் அக்கா. கையில் என் பாட்டில்.

"ரூம காலி பண்ணிடு தம்பி."

"இன்னாக்கா ஆச்சு?"

"பெருக்கலாம்னு வந்தா ரூமெல்லாம் சாராய வாட. கோடு போட்டு அளவா வேற குடிக்கிற. எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் கோடு போட்டு ஆரம்பிச்சாரு."

"அய்யோ, அது சென்ட்டுக்கா. சரக்குன்னா உள்ள இருக்கற வாசன எண்ணக்கா."

"படிச்ச புள்ள. நல்லாத்தான் சொல்ற."

அவர் புறங்கையில் அடித்துக் காட்டினேன். மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதே வாடதான்."

"ரெண்டு நிமிஷம் இருங்கக்கா. ஸ்பிரிட்டு பறந்ததும் வாசன வரும்."

இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். பறக்க வேண்டியது பறந்தது. அக்கா மறுபடி மோந்தார். நானும் குனிந்து மோந்தேன். பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசனைதான் வந்தது.

"ஒண்ணுமே இல்லியே."

பையை எங்கே வைத்தேன் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"இதயா காசு குடுத்து வாங்கின?" அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "குடிகாரன் இவ்ளோ ஏமாற மாட்டான். சரி, இரு. ஸ்பிரிட்டு இல்லாததா வாங்கிக்கினு வா. எங்கிட்ட காட்டிட்டுத்தான் உள்ள எடுத்துக்கினு போவணும்."

ஞாயிற்றுக்கிழமை அத்தர் வாங்கினேன். கடைக்காரர் அப்போதும் நடுவில் இருப்பதையே காட்டினார். அக்கா மூடியைத் திறந்து மோந்து, தலையாட்டி, திருப்பிக் கொடுத்தார். பழக்க தோஷம், தடவிக்கொள்ளும்போதெல்லாம் அதிலும் ஒரு கோடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை அக்கா கோயிலுக்குக் கிளம்பி என்னைத் தாண்டிப் போனார். அவர் தெருமுனை திரும்பிய பிறகும் வாசனை வாசலிலேயே நின்றது. உள்ளே போய் பாட்டிலைப் பார்த்தேன். காலையில் போட்ட கோட்டுக்குக் கொஞ்சம் கீழே.

எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது என்று படித்திருக்கிறேன். ஆனாலும் கேட்கவில்லை. பழைய கோட்டை அழித்துவிட்டு, எண்ணெய் நிற்கிற இடத்தில் புதிதாக ஒன்று போட்டேன்.