செவ்வாய்க்காரனின் பெயர்

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டுக்கு, ஒரு மழைக்காலம் முழுவதும், மாலை நேரங்களில் செவ்வாய்க் கிரகத்துக்காரன் ஒருவன் வந்து போனான். அவனை அழைத்து வந்தவர் என் தாய்மாமன். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். யாரோ மாலுமி எறிந்துவிட்டுப் போன ஆங்கிலப் பத்திரிகை அவர் கைக்கு வந்திருந்தது. உள்ளே ஒரு படத்தில், சொறிமீன் போன்ற கொழகொழத்த உடம்பும் மூன்று கண்களுமாக ஒருவன் நின்றான். அவன் செவ்வாயில் இருப்பவன் என்று கப்பல் சமையல்காரன் சொன்னானாம். செவ்வாய்க்கிழமைக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்டாள்.

அக்கா டைபாய்டு கண்டு படுத்திருந்தாள். மிஷன் பள்ளியில் எட்டாவது படித்தவள். முடியெல்லாம் கொட்டி, பாயோடு பாயாகக் கிடந்தாள். வேலை விட்டதும் மாமா நேரே வந்து அவள் பக்கத்தில் குந்துவார். பத்திரிகையை விரித்து, வரிகளின் மேல் விரலை ஓட்டியபடி தமிழில் கதை சொல்வார். போகும்போது அதை அவள் தலைமாட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்.

செவ்வாய்க்காரன் வழி தவறி ராயபுரத்தில் இறங்கிவிட்டானாம். மீன்காரிகளோடு உட்கார்ந்து வெற்றிலை போடப் பழகிவிட்டானாம். கப்பல் ஊதும்போதெல்லாம் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கடலோரம் ஓடுவானாம். மாமா சொல்லச் சொல்ல, உப்புக்காற்றும் ஆலைப்புகையும் கலந்து வருகிற வாசலில் மூன்று கண்கள் மினுங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

கதையைவிட அவன் பெயர்தான் எங்களுக்குப் பிடிக்கும். சங்கிலி உருள்வதுபோல் தொண்டையில் தொடங்கி, நாக்கு ஒரு சொடுக்குப் போட்டு, மூக்கில் போய் முடியும்.

"இன்னொரு தபா சொல்லு மாமா" என்று அக்கா சிரிப்பாள்.

நான் அதை என் சிலேட்டுப் பலகையில் எழுதி வைத்தேன். முதல் நாள் 'குர்ழாங்' என்று வந்தது. மறுநாள் 'ழுர்க்காம்'. அடுத்த நாள் 'கிர்ளாப்பொங்'. எனக்கு எட்டு வயது. ஆங்கில எழுத்து இருபத்தாறையும் அப்போதுதான் கற்றிருந்தேன். பிறர் பிழையைப் பொறுக்க முடியாத வயது.

ஒரு மாலை மாமாவின் தோளுக்கு மேலாக எட்டி, படத்தின் அடியில் விரலை வைத்தேன்.

"மாமா, இங்க மூணே எழுத்துதான் கீது. இசட், ஓ, ஆர். நீ சொல்ற பேரே இல்லியே! தப்புத் தப்பா படிக்கிறே."

மாமா என் விரலையே பார்த்தார். "கண்ணு சரியா தெர்ல பாப்பா" என்று பத்திரிகையை மூடினார். அம்மா கொடுத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். காரணம் சொல்லவில்லை.

மூன்று நாள் மாமா வரவில்லை. நாலாம் நாள் அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"மாமாவுக்குப் படிக்கவே தெரியாதுக்கா" என்றேன். "அவ்ளோவும் பொய்."

"எனக்குத் தெரியும்டி. கதைய மொத நாளே படிச்சிட்டேன். அதுல அவன சுட்டுக் கொன்னுடறாங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நீ போய் மாமாவ இட்டுகினு வா. பேரு மறந்துபோச்சுன்னு சொல்லு."

துறைமுக வாசலில் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வரும்வரை நின்றேன். மாமாவைக் கண்டதும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"மெய்யாலுமா? மறந்துட்டாளா?" என்றார். குழாயில் முகத்தைக் கழுவினார். பிறகு அவர் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

அன்று வந்த பெயர் எல்லாவற்றிலும் நீளமானது. அக்கா இருமல் வரும்வரை சிரித்துவிட்டு, "எழுதிக்கடி" என்றாள். எழுதினேன், பலகையில் இடம் போதவில்லை. மாமா ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் பலகையைத் திருப்பி மீதியைப் பின்பக்கம் எழுதினேன்.

தை பிறந்த பிறகு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அச்சில் செத்துப்போனவனை அவள் ஏன் தினமும் பெயர் சொல்லி வரவழைத்துக்கொண்டாள் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயருக்கு ஸ்பெல்லிங் கேட்டால் எதை எழுதுவது என்பதுதான் என் கவலையாக இருந்தது.