கோப்பையில் சிப்பி வளர்த்த அக்காள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அக்காளின் முதல் வருடத் திதிக்கு அச்சிடும் இந்தத் தாளில் எழுத்துப் பிழைகளை அச்சுக் கோப்பவர் திருத்திக்கொள்ளட்டும். சொல்லியிருக்கும் விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

அக்காள் தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பெற்றோருடன் கப்பலேறி மலாயாவில் ஜொகூர் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். இரண்டே வருடத்தில் காய்ச்சல் அப்பாவையும் அம்மாவையும் கொண்டுபோயிற்று. ரப்பர் பால் வாளி சுமந்து என்னை வளர்த்தவர் அக்காள்தான். ஆட்களைக் கண்டால் நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். வளர்ந்த பிறகும் கடையில் எனக்காகப் பேசியவர் அவர்தான்.

ரப்பர் விலை விழுந்தபோது அக்காளுக்கு வேலை போயிற்று; எனக்குத் தங்கிற்று. அத்தான் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஊருக்குத் திரும்பும் கப்பலுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள்.

"அங்க யாரு இருக்கா, நம்மள வாங்கன்னு சொல்ல? இந்தப் பயல யாருகிட்ட விட்டுட்டுப் போறது?" என்றார். அந்தப் பயலுக்கு அப்போது முப்பது வயது.

கெலாங் பாத்தா பக்கம், ஆற்று முகத்தில், மக்சிக் என்று நாங்கள் அழைக்கும் மலாய் அம்மா தம் வீட்டருகே அக்காளுக்கும் அவர் மகளுக்கும் இடம் கொடுத்தார். அங்கே சேற்றில் கிடந்த, ரப்பர் பால் பிடிக்கும் கோப்பை ஒன்றில் சிப்பிக் குஞ்சுகள் ஒட்டியிருப்பதை அக்காள் கண்டார். தோட்டத்தில் வீசிய விரிசல் கோப்பைகளை நான் பொறுக்கிக் கொடுத்தேன். அவற்றைக் கம்பியில் கோத்து, தண்ணீரில் நட்ட கழிகளுக்கிடையே கட்டினார். நீர் வற்றும்போதெல்லாம் இறங்கிச் சேறு கழுவுவார், சிப்பியைத் துளைக்கும் நத்தைகளைப் பொறுக்குவார். முதல் வருடம் மழைவெள்ளம் ஆற்றின் உப்பை அடித்துப்போக, சிப்பிகள் எல்லாம் வாய் பிளந்து செத்தன. மறுவருடம் முதல், மழைக்கு முன்பே கோப்பைகளைக் கடல் பக்கம் நகர்த்தினார். சீனர் கடைக்குக் கூடை கூடையாகச் சிப்பி போயிற்று.

போன ஐப்பசியில் அப்படி நகர்த்தத் தொடங்கிய அன்று, சிப்பி ஓடு அவர் குதிகாலைக் கிழித்தது. "ரூமா சாக்கிட் போ, இன்னைக்கே போ!" என்று மக்சிக் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். மழை முந்திக்கொள்ளுமே என்று அக்காள் தயங்கினார்.

அப்போது நான் வாய் திறந்தேன். பால்மரம் வெட்டும் நாங்கள், கத்தி பட்டால் ரப்பர் பாலைத் தடவிக் காயவிடுவோம். தோல் போல மூடிக்கொள்ளும்.

"ஒண்ணும் ஆவாதுக்கா. பால் வச்சா ரெண்டு நாள்ல கூடிரும்."

அக்காள் சிரித்தார். "மரத்த வெட்டுனாலும் பால், மனுசன வெட்டுனாலும் பாலா? சரி, வைடா. வாயே தொறக்காதவன் சொல்றான், சரியாத்தான் இருக்கும்."

எங்கள் கத்தி சுத்தமானது. சிப்பி ஓட்டில் சேறு இருந்தது. அது எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சேற்றை உள்ளே வைத்து மூடினேன்.

மூன்று நாள் தண்ணீரில் நின்று கடைசிக் கோப்பையையும் நகர்த்தி முடித்தார். நான்காம் நாள் கால் முழங்கால்வரை வீங்கிக் கறுத்தது. மக்சிக் தம் சம்பான் படகில் வைத்துத் துடுப்புப் போட்டார். ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் டிரெஸர் அந்தப் பால் தோலை உரித்ததும் அறையே நாறியது.

"யாரும்மா இத ஒட்டுனது?" என்று என்னைப் பார்த்தார்.

நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தாங்க. தெரியாம வச்சுக்கிட்டேன்," என்றார் அக்காள். கடைசியாக எனக்காகப் பேசியது அதுதான். மறுநாள் விடியும் முன் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள், "தானே ஒட்டிக்கிட்டாளாமே, வெவரம் இல்லாம" என்றார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சம்பான் வலித்த மக்சிக்குக்கும், பாடை சுமந்த தோட்டத்து ஆட்களுக்கும், திதிக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் கும்பிட்டு நன்றி சொல்கிறேன். இன்று அந்தக் கோப்பைகளைக் கழுவ அக்காள் மகள் சேற்றில் இறங்குகிறாள். கண்ணு, உன்னிடமும் நான் சொன்னதில்லை. சிப்பி கிழித்தால் மூடாதே. கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. உன் தாய் விவரம் இல்லாதவர் அல்லர். ஒட்டியது நான்.

வெகுதானிய வருடம், ஐப்பசி மாதம் ஒன்பதாம் தேதி.